சிவப்பாகத் தெரிந்த கடல்

டிசம்பர் 22, 2024. ஞாயிறு

அண்ணியின் கத்திரியில் காகிதம் வெட்டிவிட்டேன். கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு வால் ஒட்ட ஒரு துண்டு கலர் பேப்பர், அவ்வளவுதான். விக்டோரியா அண்ணி அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "துணி வெட்ற கத்திரிடி அது! பேப்பர் வெட்னா மொண்ணையாப் பூடும். பண்டிகைக்கு எத்தினி ஜாக்கெட் குட்த்துகிறாங்க தெரியுமா?" என்றாள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் படுத்திருந்த ராபின் அண்ணன் போர்வைக்குள்ளிருந்தே சிரித்தான். அந்தக் கத்திரியைத் தொட அவனுக்கே அனுமதி கிடையாது.

நேற்று ராத்திரி மறுபடி அந்த நாற்றம். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கம்பெனியில் பழைய டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறார்கள். பகலில் சாதுவாக இருக்கும். இருட்டியதும் ஆரம்பித்துவிடுவார்கள். அண்ணிக்கு வீசிங் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இன்ஹேலர் பம்ப் அடித்தும் அடங்கவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள் இவள். எம்.எஸ்ஸி. சேரும்போது அண்ணன் தயங்கினான், இவள்தான் சண்டை போட்டாள். இவளுக்கு மூச்சு கிடைக்காததைப் பார்த்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, அழுகை அப்புறம்.

காலையில் கேட்டாள். "ஊர்ல கீற புகையெல்லாம் மேலேர்ந்து பாக்கறன்றியே. இது உன் சாட்டிலைட்டுக்குத் தெரியலியா?"

எங்கள் பல்கலைக்கழகத் திட்டத்தில் நான் பார்ப்பது ஃபார்மால்டிஹைடு. ஆலைப் புகையில் வருவது, கண் எரியும், மூச்சை இழுக்கும். லேப்டாப்பைத் திறந்து போன வருடத்தின் படத்தைக் காட்டினேன். நிறம் சிவக்கச் சிவக்க வாயு அதிகம் என்று அர்த்தம். திருவள்ளூர் மாவட்டம் முழுக்க மஞ்சள். காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் கிழக்கே, கடல் மேல், நீளமாக ஒரு சிவப்புத் திட்டு.

"ரத்தம் மாரி கீது. நம்ம புகையெல்லாம் அங்கதான் போய் சேருதா?"

இருக்கலாம் அண்ணி என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

டிசம்பர் 23

அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி அண்ணன் கேட்டான். அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 31. செவ்வாய்

ஐயோ ஆண்டவரே.

ரயிலை விட்டு இறங்கி வருகிறேன், தெருமுனையில் நானே நிற்கிறேன். பத்தடி உயரத்தில். ஃபிளெக்ஸ்! அண்ணன் கல்யாணத்தில் எடுத்த பழைய போட்டோவை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, கைகூப்பிக்கொண்டிருப்பவளை வெட்டி ஒட்டி, பின்னால் ஒரு ராக்கெட். (ராக்கெட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?) பக்கத்தில் என் படம், கடல் மேல் சிவப்புத் திட்டோடு. "விண்ணிலிருந்து விஷப்புகையைக் கண்டுபிடித்த எங்கள் வீட்டு விஞ்ஞானி பிரின்சியே! புத்தாண்டு வாழ்த்துகள்!" கீழே குடியிருப்போர் சங்கத்து ஆட்கள் எல்லோரும் வரிசையாகத் தபால்தலை அளவில்.

"ராக்கெட் எதுக்குண்ணா?" என்றேன்.

"கடைல ராக்கெட்டுதான் கீதுன்னான். சாட்டிலைட் படம் இல்லியாம்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். இரும்புக் கம்பி ரோலிங் மில் சூட்டில் வெந்து வெந்து கறுத்த முகம், அப்படி ஒரு மலர்ச்சி அதில். திட்டவில்லை. உண்மையைச் சொன்னால் ஆராதனைக்குப் போகும்போது இன்னொரு தடவை நின்று பார்த்தேன்.

ஜனவரி 6, 2025. திங்கள்

அண்ணனும் சங்கத் தலைவர் கலியனும் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாளில் கம்பெனி மேல் மனு கொடுத்துவிட்டு வந்தார்கள். இதற்கு முன்னால் கொடுத்ததெல்லாம் எங்கே போனதென்றே தெரியாது. இந்த முறை என் படத்தை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி 24 அன்று கும்மிடிப்பூண்டி தாலுகா ஆபீசில் விசாரணை, கம்பெனிக்காரர்களும் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். கலியன் அண்ணன் வாசலில் நின்றே கத்தினார், "சாட்டிலைட்டே சொல்லிச்சின்ன உடனே ஆபீசர் எய்ந்து நின்னுட்டாரும்மா!"

எழுந்து நின்றிருக்க மாட்டார். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அண்ணி எனக்கென்று இரண்டு வஞ்சிரத் துண்டை எடுத்து வைத்திருந்தாள்.

ஜனவரி 21. செவ்வாய்

ஆய்வகத்தில் மாதவாரியாகப் படங்களை ஓடவிட்டுப் பார்த்தேன். விசாரணையில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான்.

ஒன்று இடிக்கிறது. கோடையில் காற்று தெற்கிலிருந்து. மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து எங்களை நோக்கி. புகை என்றால் காற்றோடு இடம் மாற வேண்டும். இந்தச் சிவப்பு மாறவில்லை. அதே இடத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

நகர்ந்தது ஒரே ஒரு முறை. டிசம்பர் மழையில் ஆரணியாறு கலங்கல் தண்ணீரைக் கொண்டுவந்து கடலில் கொட்டியபோது. அப்போது மட்டும் கரையை விட்டுக் கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது.

ஜனவரி 22

காற்றுக்கு அசையாமல் தண்ணீருக்கு அசைகிற வாயு எது, பிரின்சி?

ஜனவரி 29. புதன்

அண்ணிக்குச் சொல்வதுபோல எழுதிப் பார்க்கிறேன். அவளுக்குப் புரிகிற மாதிரி எழுத முடிந்தால் எனக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

சாட்டிலைட் காற்றைப் பார்ப்பதில்லை அண்ணி. கீழே பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. ஒவ்வொரு வாயுவும் அந்த வெளிச்சத்தில் தனக்கென்று சில நிறங்களைத் தின்றுவிடும். எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, இந்த வாயு இவ்வளவு என்று நாங்கள் கணக்குப் போடுகிறோம். நிலத்தில் இது சரி. தெளிந்த கடலில் வெளிச்சம் மேலோடு திரும்பிவிடாது. உள்ளே ஆழமாக இறங்கும். இறங்கினதில் ஒரு சின்னப் பங்கு தண்ணீரிலேயே மோதிச் சிதறி, தன் நிறத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு மேலே வரும். அதுவும் கணக்கில் கலந்துவிட்டால், காற்றில் இல்லாத வாயு இருப்பதுபோலத் தெரியும். கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் ஆழம் போகாது, அதனால் அங்கே இந்தத் தொந்தரவு குறைவு.

ஜவுளிக்கடை டியூப் லைட்டில் மெரூன் என்று எடுத்துவந்த துணி வாசல் வெயிலில் பிரவுனாகத் தெரியுமே, நீ கூடத் திட்டுவாயே. துணி மாறவில்லை. வெளிச்சம் வந்த வழிதான் மாறியது.

இந்தத் தண்ணீர் விவகாரம் எனக்குத் தெரியாததா? படித்ததுதான். எங்கள் திட்டம் நிலத்துக்கானது, அதனால் கணக்கில் தண்ணீரைச் சேர்க்கவில்லை. படம் நிறைவாக இருக்கட்டும் என்று கடலையும் விட்டுவைத்தேன். வெறும் அழகுக்கு.

இன்று தண்ணீரின் பங்கைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். சிவப்பு போய்விட்டது. கடல் மேல் வெளிர் நீலம்தான். நிலத்தின் மஞ்சள் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த மஞ்சளின் ஒரு கட்டம் எங்கள் தெருவிலிருந்து ஸ்டேஷன் தாண்டிப் போகும் அளவு. அதற்குள் நூறு புகைபோக்கி. ஒன்றை மட்டும் காட்டிக் கொடுக்க அதனால் முடியாது.

எங்கள் திட்டத் தலைவர் இளமதி மேடத்திடம் சொன்னேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளியில யாருக்காவது குடுத்தியா பிரின்சி?"

பத்தடியில் ஃபிளெக்ஸ் நிற்கிறது மேடம் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 31

இன்றும் வீட்டில் சொல்லவில்லை. ராத்திரி நாற்றம். அண்ணிக்குப் பம்ப் தீர்ந்துபோய் அண்ணன் மெடிக்கலுக்கு ஓடினான். இந்த நேரத்தில் எதைச் சொல்வது?

பிப்ரவரி 2. ஞாயிறு

சொல்லிவிட்டேன். சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டு, அண்ணன் பாயை விரிக்கும்போது. நல்ல நேரம் பார்த்தேன் போ.

"அப்போ அது பொய்யா?" என்றான்.

"பொய் இல்லண்ணா, தப்பு. கடல்ல கீற தெளிஞ்ச தண்ணிதான் அப்டி காட்டியிருக்கு."

"தெருவே உன்ன நம்பி நிக்குது. நாளிக்கு அந்தக் கம்பெனிக்காரன் சிரிப்பான் பிரின்சி. சாட்டிலைட்டு சொல்லிச்சின்னு போனீங்களே, இப்ப இன்னான்னு." குரல் ஏறிக்கொண்டே போனது. "கம்முனு இருந்துட்டா யாருக்குத் தெரியப் போவுது? இருவத்திநாலாந்தேதி முடியட்டும். அப்பால சொல்லு."

"அவங்க ஒரு ஆள வச்சி கண்டுபுடிச்சாங்கன்னா? அன்னிக்கி நம்ம சொல்ற எல்லாமே பொய்னு ஆயிடும்ணா."

"அன்னிக்கும் கம்ப்யூட்டர்தான் சிவப்புன்னு சொல்லிச்சி. இன்னிக்கும் அதே கம்ப்யூட்டர்தான் இல்லன்னு சொல்லுது. இது மட்டும் கரெக்ட்டுன்னு நீ கண்டியா?"

நியாயமான கேள்வி.

அண்ணி ஜாக்கெட் கொக்கியைத் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "எனக்கு மூச்சு வாங்குதே, அதுவும் தப்புக் கணக்கா?"

இல்ல அண்ணி, இல்ல, ஐயோ இல்ல. அதைத்தான் சொல்லணும்னு வந்தேன், வாயில வேற இன்னாவோ வந்துச்சி. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 3

காலையில் தெருமுனை மொட்டையாக இருந்தது. அண்ணனே கழற்றியிருக்கிறான். கலியன் அண்ணன் டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 6

அண்ணன் பேசுவதில்லை. "சோறு வெச்சாச்சான்னு கேளு" என்று சுவரிடம் சொல்கிறான். ஒரே அறை, நானும் அங்கேதான் இருக்கிறேன்.

அண்ணி பேசுகிறாள். ஆனால் "டி" போடாமல் பேசுகிறாள். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 9. ஞாயிறு

அண்ணன் கேட்டது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ கண்டியா?

காணலாமே. என் புதுக் கணக்கு சரியென்றால், சிவப்பு ஆரம்பித்த கோட்டைத் தாண்டியதும் கடல் சட்டென்று தெளிய வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் கலங்கல். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளை வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அவ்வளவு தெளிவு. கடல் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அரிச்சுவடி அது.

எங்கள் ஆய்வகத்தில் வானத்தைப் பார்க்கத்தான் சாமான் இருக்கிறது. ஒரு தட்டு வாங்க வேண்டுமென்றால் ஆபீஸ் வழக்கப்படி மாதக்கணக்கில் ஆகும். அண்ணியிடம் சும்மா புலம்பினேன். வெள்ளையாக இருக்க வேண்டும், எவர்சில்வர் கூடாது, வெயிலில் பளபளக்கும், தண்ணீரில் ஊறக்கூடாது, கனமாகவும் இருக்க வேண்டும் என்று.

"ம்" என்றாள்.

பிப்ரவரி 12. புதன்

இதை எப்படி எழுதுவேன்.

ரயில் தாமதம். வீட்டுக்குள் நுழைகிறேன், அண்ணி தரையில் உட்கார்ந்து அந்த ஃபிளெக்ஸை விரித்து வைத்திருக்கிறாள். கழற்றிக்கொண்டு வந்ததை அண்ணன் வண்டிக்குப் போர்த்தி வைத்திருந்தான். குப்புறக் கிடந்தது. பின்பக்கம் சுத்தமான வெள்ளை, பளபளப்பே இல்லாத வெள்ளை. பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். கையில் அந்தக் கத்திரி. துணிக் கத்திரி.

"அண்ணி, அது போய்..."

"போவட்டும். சாணை புடிச்சிக்கலாம்."

கறுக் கறுக்கென்று வெட்டினாள். கத்திரிக்கு அது ஒத்துக்கொள்ளவேயில்லை, சத்தமே சொன்னது. நான் நின்றுகொண்டே அழுதேன். "இன்னாத்துக்குடி அயுவுற? லைட்டப் போடு, கோடு தெரியல" என்றாள்.

"டி" போட்டாள்.

பிப்ரவரி 14

செருப்பு மாட்டப் போனால் என் பையின் மேல் ஒரு இரும்பு வளையம். ஆறு எம்.எம். கம்பியை வட்டமாக வளைத்து, கைக்குக் குத்தாமல் பிசிறு தேய்த்து, கயிறு கட்ட மூன்று கொக்கி வைத்துப் பற்றவைத்தது. அண்ணன் போர்வைக்குள் தூங்குவதுபோல் படுத்திருந்தான். தூங்கும்போது அவன் குறட்டை விடுவான். இன்று விடவில்லை.

பிப்ரவரி 16. ஞாயிறு

பாஸ்டர் மன்னிக்கட்டும், மூன்று பேருமே இன்று சர்ச்சுக்குப் போகவில்லை.

வண்டியை எடுக்கும்போது அண்ணன் சொன்னது இரண்டு வாரத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை: "நீ கயிறு உடுவ, தப்பா உடுவ. நானும் வர்றன்." அண்ணி எலுமிச்சம்பழமும் பம்ப்பும் எடுத்துக்கொண்டாள்.

பழவேற்காட்டில் அன்புசெல்வனின் ஃபைபர் படகு. அண்ணனோடு மில்லில் கொஞ்ச நாள் வேலை செய்துவிட்டு, சூடு ஒத்துக்கொள்ளாமல் கடலுக்கே திரும்பிவிட்டவன். முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டபோது அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு எங்களில் யாரும் கடலுக்குள் போனதே இல்லை.

அண்ணி ஃபிளெக்ஸ் வட்டத்தை வளையத்தில் இழுத்துச் சுற்றிலும் தைத்திருந்தாள், ஜாக்கெட் கழுத்துக்குப் பட்டி வைப்பதுபோல. கயிற்றில் மீட்டருக்கு மீட்டர் ஒவ்வொரு நிறத்தில் வெட்டுத்துணி கட்டியிருந்தாள். முகத்துவாரம் தாண்டியதும் முதலில் இறக்கினோம். தேத்தண்ணி நிறம். இரண்டாவது துணி நனைவதற்குள் தட்டு காணாமல் போய்விட்டது.

அப்புறம் போனில் இடத்தைப் பார்த்துக்கொண்டே கிழக்கே போனோம். அங்கேயும் கலங்கலாகவே இருந்தால்? என் புதுக் கணக்கும் தப்பென்றால், இந்த இரண்டு பேர் முகத்தில் இனி எப்படி முழிப்பேன்?

கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தண்ணீர் மாறியது. பச்சை, அப்புறம் நீலம், அப்புறம் பெயரே தெரியாத ஒரு நீலம். அண்ணன் தட்டை இறக்கினான்.

"தெரியுது," என்றான். பச்சைத் துணி போனது. "தெரியுது." மெரூன் போனது. "இன்னும் தெரியுது பிரின்சி." மஞ்சள், ரோஸ், வயலட், கிளிப்பச்சை. அண்ணி கட்டிய துணியெல்லாம் தீர்ந்துவிட்டது. கயிறும் தீர்ந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்து எட்டிப் பார்க்க, "யோவ், படகு கவுந்துடும்!" என்று அன்புசெல்வன் கத்தினான். அடியில், அவ்வளவு ஆழத்தில், வெள்ளையாக ஒரு பொட்டு.

"அதுக்கு அந்தாண்ட பக்கம் இன்னா கீது தெரியுமா?" என்றான் அண்ணன். "உன் மூஞ்சி. அண்ணிக்காரி கரெக்ட்டா அத்தப் பாத்து வெட்டிகிறா. மீனுக்கெல்லாம் கையெடுத்துக் கும்புட்டுக்கினு போவுது."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். நானும். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் கயிற்றை விடாமலே இன்னொரு கையை என் தலையில் வைத்தான்.

அண்ணி சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். பயந்துவிட்டேன், பம்ப்பைத் தேடினேன். கையால் வேண்டாம் என்றாள். மூச்சை உள்ளே இழுத்தாள், மெதுவாக, தடையில்லாமல், கடைசி வரை. விட்டாள். மறுபடி இழுத்தாள். தோள் ஏறவில்லை.

"இங்கதான் சிவப்பா?" என்று கேட்டாள்.

"இங்கதான் அண்ணி. இருக்கறதுலயே சிவப்பு இந்த எடம்தான்."

"இங்க ஒண்ணுமே இல்லடி. எவ்ளோ ஈஸியா கீது பாரு." கண்ணைத் திறந்து கரைப் பக்கம் பார்த்தாள். அங்கே தூரத்தில் புகைபோக்கிகள் குச்சிகுச்சியாகத் தெரிந்தன. "அப்போ எல்லாமே அங்கதான் கீது. நம்ம தெருவுல."

பிப்ரவரி 23

நாளைக்கு விசாரணை. கலியன் அண்ணனிடம் அண்ணனே பேசிவிட்டான். தட்டையும் துணி கட்டிய கயிற்றையும் கொண்டுபோய்க் காட்டினானாம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ரொம்ப திட்னாரு. அப்பால டீ வாங்கிக் குட்த்தாரு" என்றான்.

பிப்ரவரி 24. திங்கள்

முதல் ஆளாக எழுந்து நின்றேன். மனுவில் இருக்கும் படம் நான் போட்டது, கடல் பகுதியில் தப்பு, தெளிந்த தண்ணீருக்குள் ஒளி சிதறுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை, திருத்திய படம் இது என்று இரண்டையும் மேசையில் வைத்தேன். நிலத்துப் பகுதி மாறவில்லை, ஆனால் எந்தக் கம்பெனி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். பின்னால் யாரோ 'ச்சே' என்றார்கள்.

கம்பெனி சார்பில் வந்திருந்தவர் ஒரு ஃபைலைத் திறக்கப் போனார், பிறகு திறக்காமலே கீழே வைத்துவிட்டார். அவர்களும் என் படத்தின் தப்பைக் கண்டுபிடித்து அதற்குள் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "மேப்பே தப்புன்னு அவங்களே ஒத்துக்கறாங்க மேடம். இனி விசாரிக்க என்ன இருக்கு?" என்றார்.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. எங்களைப் பார்த்தார். அண்ணன் வாயைத் திறந்தான், ஆனால் அதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. சர்ச்சில் சாட்சி சொல்லக் கூப்பிட்டாலே தூணுக்குப் பின்னால் போய்விடுவாள்.

"மேடம், இவ படத்துல சிவப்பா இருந்துச்சே கடலு, அங்க நான் போய் வந்தேன். தப்புன்னு இவ சொன்னா, அதான் போய்ப் பாத்தேன். அங்க நல்லா மூச்சு உட்டேன். கல்யாணம் ஆயி இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து அப்டி உட்டதில்ல. தப்புதான், ஒத்துக்கறோம்." நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப நீங்க எங்க தெருவுக்கு வாங்க. வந்து மூச்சு உட்டுப் பாருங்க. நாங்க தப்புன்னா அத்தயும் சொல்லுங்க, ஒத்துக்கறோம்."

அதிகாரி பேனாவை எடுத்தார்.

காற்றை அளக்கும் வண்டியை ஒரு மாதம் எங்கள் தெருவில் நிறுத்த அதிகாரி எழுதிவிட்டார். வெளியே வந்ததும் அண்ணிக்குக் கை ஜில்லிட்டுக் கிடந்தது. நான் பிடித்துத் தேய்த்தேன். "தப்பா இன்னாவும் பேசிட்டனா?" என்றாள். இல்ல அண்ணி. அவளைப் போல ஒரு மனுஷி எனக்குக் கிடைத்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

மார்ச் 10

வண்டி வந்துவிட்டது. முன்பு ஃபிளெக்ஸ் நின்ற இடத்தில் நிற்கிறது.

மார்ச் 14

வண்டி வந்ததிலிருந்து நாற்றமே இல்லை. வண்டி நிற்பது கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா என்ன. கலியன் அண்ணன் பல்லைக் கடிக்கிறார். "நாறுடா, நாறித் தொலைடா" என்று காம்பவுண்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 27

பொறுமை போய்விட்டது அவர்களுக்கு. மூன்று ராத்திரி சேர்ந்தாற்போல் ஓட்டியிருக்கிறார்கள். நேற்று நான் தூங்கிய பிறகு அண்ணி பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே, ஜன்னல் வழியாக அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "எய்திக்கோ, நல்லா எய்திக்கோ" என்று சொன்னாளாம். அண்ணன் சொல்லிச் சிரித்தான், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

மே 19. திங்கள்

வண்டி எடுத்த அளவை வைத்து உத்தரவு வந்துவிட்டது. புகைச் சுத்திகரிப்பு வைத்துச் சரிபார்க்கும் வரை கம்பெனி ஓடக்கூடாது. கலியன் அண்ணன் ஃபிளெக்ஸ் அடிக்கலாமா என்று கேட்டார். நானும் அண்ணனும் ஒரே குரலில் வேண்டாம் என்று கத்தினோம்.

ஆகஸ்ட் 8

தெளிந்த கடல்நீரில் சிதறும் ஒளியைப் பற்றிய எங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது. என் தப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. "இதையே முதல் படமா வை" என்றார் இளமதி மேடம். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் விக்டோரியா, ராபின், அன்புசெல்வன். அண்ணியிடம் பெயரைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல போட்டோ போட மாட்டாங்களே?" என்று கேட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 21, 2025. ஞாயிறு

ஸ்டார் கட்டினோம். வால் ஒட்டக் கலர் பேப்பர் வெட்ட வேண்டும். அந்தப் பழைய கத்திரி இப்போது பேப்பர் கத்திரி ஆகிவிட்டது, என்ன சாணை பிடித்தும் துணிக்கு ஆகவில்லை. நான் வாங்கிக் கொடுத்த புதியதைத் தொட்டால் இப்போதும் உதை விழும். கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். உயரமாகப் புதுப் புகைபோக்கி, என்னென்னவோ தொட்டி. எப்போதாவது லேசாக வாடை வரும், கலியன் அண்ணன் உடனே போன் போட்டுவிடுவார்.

ஒட்டடை அடித்தபோது அண்ணி அலமாரியிலிருந்து பம்ப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று என்னிடம் நீட்டினாள். "தேதி இன்னா போட்டுகீதுன்னு பாரு."

பார்த்தேன். போன மாதத்தோடு முடிந்திருந்தது.

"டேட் பூட்ச்சி அண்ணி."

"காலியா ஆயிடிச்சா?"

குலுக்கிப் பார்த்தேன். உள்ளே மருந்து இருந்தது.